சூரியனின் தேரும் 382ஆம் எண் எஞ்சினும்

நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கதை சொல்லி வருகிறேன். இலக்கணம் நடத்த வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டிப்ளமா முடித்துவிட்டு லோகோ ஷெட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தவனிடம் மிச்சமிருப்பது கதைதான். போன மாதம் கிரேக்கக் கதைகளில் இருந்தோம். நடுவில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "தாத்தா, இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை. இப்போது ஏன் யாரும் இந்த மாதிரி கதை கட்டுவதில்லை?"

கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் பாதியில் நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்காக எழுதினாலும் பெற்றோர்களும் கூட உட்கார்ந்து படித்தால் மகிழ்ச்சி.

முதலில் ஒரு சொல். ஆங்கிலப் பள்ளியில் 'மித்' என்றும் 'லெஜண்ட்' என்றும் இரண்டு சொல் சொல்லித் தருகிறார்கள். முதலாவது தெய்வங்கள், உலகம் தோன்றியது, இடி ஏன் இடிக்கிறது போன்றவற்றைச் சொல்வது. அதைத் தமிழில் தொன்மம் என்கிறோம். இரண்டாவது, ஓர் ஊரில் ஒரு மனிதன் இருந்தான், இப்படிச் செய்தான் என்று நடந்ததாகவே சொல்லப்படுவது. அதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் கர்ணபரம்பரைக் கதை. கர்ணம் என்றால் காது. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு வழிவழியாகப் போவது. ஆங்கிலச் சொல்லைவிட இது எனக்குப் பிடிக்கும். கதை எந்த ரூட்டில் பயணம் செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது அல்லவா? கிரேக்கர்கள் இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கவில்லை. அவர்கள் கதையில் தெய்வமும் மனிதனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய கதைக்கும் புதிய கதைக்கும் நான் காணும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான். கிரேக்கக் கதைகளில் நமக்குக் கிடைப்பது பெயின்ட் அடித்து வெளியே வந்த வண்டி. எந்தத் தகட்டில் செய்தார்கள், எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று தெரியாது. நம் காலத்தை ஒட்டிய கதைகளில் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். கதையும் இருக்கிறது, அந்தச் சம்பவத்தைப் பற்றிய பதிவேடும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், மக்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று புரிந்துவிடும்.

ஹெர்குலிஸை எடுத்துக்கொள்வோம். உங்கள் தாத்தாக்களுக்கு அது முதலில் ஒரு சைக்கிளின் பெயர். கிரேக்கர்கள் அவனை ஹெராக்ளிஸ் என்றார்கள். பித்துப் பிடித்த நேரத்தில் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டான். அந்தப் பாவம் தீர, யூரிஸ்தியஸ் என்ற அரசனுக்கு அடிமை வேலை செய்ய வேண்டும் என்று அவனுக்கு விதிக்கப்பட்டது. பலசாலி வேலை செய்கிறான், கோழை ஒருவன் மேற்பார்வை செய்கிறான். அவன் காட்டுப்பன்றியைத் தோளில் தூக்கி வந்தபோது அரசன் பயந்துபோய்ப் பெரிய ஜாடிக்குள் ஒளிந்துகொண்டானாம்! ஆஜியஸ் மன்னனின் மாட்டுக்கொட்டிலை ஒரே நாளில் கழுவிவிட, ஆற்றையே திருப்பிக் கொட்டில் வழியே விட்டதும் அவன்தான். என்னைப் போன்றவர்களுக்கு அவன் செய்த பன்னிரண்டு வேலைகளில் அதுதான் அசல் எஞ்சினீயரிங் வேலை. ஆனால் அதற்காகக் கூலி பேசினான் என்று காரணம் காட்டி அந்த வேலையை யூரிஸ்தியஸ் கணக்கில் சேர்க்கவில்லை. பில்லில் கை வைக்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

இவனுக்கு ஜோடியாக நான் சொல்வது ஜான் ஹென்றி. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைமுறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலைகளைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். பாறையில் துளை போட ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைச் சற்றே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். துளை ஆழமானதும் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் டால்காட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிக் பெண்ட் என்ற சுரங்கம் 1870க்கும் 1872க்கும் இடையில் இப்படித்தான் தோண்டப்பட்டது. ஒரு மைலுக்கு மேல் நீளம். அங்கே நீராவியால் துளையிடும் எந்திரத்தைக் கொண்டுவந்தபோது, ஜான் ஹென்றி என்ற கறுப்புத் தொழிலாளி அதனோடு போட்டி போட்டான் என்பது கதை. எந்திரம் ஒன்பது அடி துளைத்தது, அவன் பதினான்கு அடி துளைத்தான், ஜெயித்த கையோடு சம்மட்டியைப் பிடித்தபடியே விழுந்து செத்தான். சம்மட்டி அடிப்பவர்கள் இதைப் பாட்டாகப் பாடினார்கள். அடிக்குத் தாளம் வேண்டுமே.

ஆள் உண்மையில் இருந்தானா? 1920களில் கை ஜான்சன், லூயி சாப்பல் என்ற இரு பேராசிரியர்கள் தனித்தனியே விசாரித்துப் புத்தகம் எழுதினார்கள். அப்போது பழைய தொழிலாளிகள் சிலர் உயிரோடு இருந்தார்கள். 2006-ல் ஸ்காட் ரெனால்ட்ஸ் நெல்சன் என்ற வரலாற்றாசிரியர் வேறொரு முடிவுக்கு வந்தார். வர்ஜீனியா சிறைப் பதிவேட்டில் ஜான் வில்லியம் ஹென்றி என்ற கைதியின் பெயர் இருக்கிறது. அந்தக் கைதிகளை ரயில்வே வேலைக்கு வாடகைக்கு விட்டார்கள். அவன் வேலை செய்தது பிக் பெண்டில் அல்ல, லூயிஸ் சுரங்கத்தில் என்கிறார் அவர். இடமே அலபாமா மாநிலம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தச் சிறைப் பதிவேட்டில் உள்ள ஒரு விவரத்தைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பாட்டில் மலை போல நிற்பவனின் உயரம் அதில் ஐந்தடி ஓரங்குலம் சொச்சம்தான்! உங்கள் வகுப்பிலேயே அவனைவிட உயரமான பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நெல்சன் சொல்வது சரியாக இருந்தால், ஹெர்குலிஸும் ஜான் ஹென்றியும் இன்னும் நெருங்கி வருகிறார்கள். இருவருமே தண்டனைக்காக வேலை செய்தவர்கள். பிறகு பாதை பிரிகிறது. ஹெர்குலிஸ் சண்டை போட்டது சிங்கத்தோடும் பல தலைப் பாம்போடும். இறந்த பிறகு அவன் ஒலிம்பஸ் மலைக்குப் போய்த் தெய்வமாகிவிட்டான். ஜான் ஹென்றியின் எதிரிக்கு உயிரே கிடையாது. தோற்ற பிறகும் அது மறுநாள் காலையில் அதே வேகத்தில் வேலை செய்யும். கிரேக்கனுக்குத் தெரியாத புது வகைப் பகை இது. எங்கள் ஷெட்டில் நீராவி எஞ்சின்கள் போய் டீசல் வந்தபோது பழைய ஃபிட்டர்கள் முகத்தில் நான் பார்த்ததும் இதைத்தான்.

இந்தக் கதைகளையெல்லாம் விட நமக்குப் பக்கத்திலேயே பிறந்த ஒரு கதை உண்டு. 2001 மே மாதம் டில்லியில் இருந்தவர்களுக்கு 'மங்கி மேன்' நினைவிருக்கும். கிழக்கு டில்லியிலும் காஜியாபாத் பக்கமும் மின்சாரம் போன இரவுகளில் மொட்டை மாடியில் படுத்திருந்தவர்களைக் குரங்கு மனிதன் ஒருவன் பிறாண்டிவிட்டுப் போவதாகப் பேச்சு. ஒருவர் பார்த்தபோது வெறும் குரங்காக இருந்தது, அடுத்தவர் சொல்லும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டது, பிறகு இரும்பு நகம் வந்தது, மார்பில் பட்டன் வந்தது, பட்டனை அழுத்தினால் மறைந்துவிடுமாம். பயத்தில் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில், அப்படி ஒரு பிராணி இல்லை, பயம்தான் ஊரைப் பிடித்திருந்தது என்று போலீசும் மருத்துவர்களும் சொன்னார்கள். கிரேக்கர்களுக்குப் பாதி ஆடு, பாதி மனிதனாக ஒரு தேவன் இருந்தான். பேன் என்று பெயர். காரணமே இல்லாமல் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் பயம் அவன் கிளப்பிவிடுவது என்று நம்பினார்கள். ஆங்கிலத்தில் 'பேனிக்' என்ற சொல் அவன் பெயரிலிருந்து வந்ததுதான். டில்லியில் பேனுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள், அவ்வளவே.

இனி, தலைப்பில் சொன்ன கதைக்கு வருகிறேன்.

ஃபேயத்தன் என்ற பையன் சூரிய தேவனின் மகன். கூட விளையாடுபவர்கள் அதை நம்பாமல் கேலி செய்ததால் அப்பாவைத் தேடிப் போனான். சூரியன் மகிழ்ந்து, என்ன வேண்டுமானாலும் கேள் என்று சத்தியம் செய்துவிட்டான். பையன் கேட்டது ஒருநாள் தேரோட்ட! சத்தியத்தை மீற முடியாது. மேலேயும் போகாதே, கீழேயும் போகாதே, நடுப் பாதையைப் பிடி, சாட்டையைத் தொடாதே, கடிவாளத்தை இறுக்கிப் பிடி என்று அப்பா சொல்லி அனுப்பினான். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதைச் சொல்லும் இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான பாரம் தேரில் இல்லை என்பதைக் குதிரைகள் உடனே கண்டுகொண்டன, அடிப்பாரம் இல்லாத கப்பல் போலத் தேர் தூக்கிப் போட்டது என்கிறார். எஞ்சின் ஓட்டியவர்களுக்கு இது புரியும். தேர் தாறுமாறாக ஓடிப் பூமி எரிந்தது. லிபியா பாலைவனமானது அன்றுதானாம். பூமி முறையிட, ஜீயஸ் இடியை எறிந்தார். பையன் எரிந்துகொண்டே ஆற்றில் விழுந்தான். அவனைப் புதைத்த நீர்த் தேவதைகள் கல்லறையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ஊரை எரித்தான் என்று எழுதவில்லை. தேரை அடக்க முடியாவிட்டாலும் பெரிய காரியத்துக்குத் துணிந்தான் என்ற பொருளில் எழுதினார்கள்.

இந்தக் கதைக்கு அடியில் உண்மை இருக்குமா என்று கிரேக்கர்களே யோசித்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய 'டிமேயஸ்' நூலில் ஒரு எகிப்தியப் பூசாரி, இது கதை வடிவம்தான், வானத்துக் கோள்கள் வழி விலகியதால் எப்போதோ பூமியில் நேர்ந்த தீயைத்தான் இது குறிக்கிறது என்கிறார். ஆனால் அதைச் சரிபார்க்க அவரிடம் ரிகார்டு எதுவும் இல்லை.

அடுத்த கதைக்கு ரிகார்டு இருக்கிறது. ஜான் லூதர் ஜோன்ஸ் என்ற எஞ்சின் டிரைவர். கென்டக்கி மாநிலத்தில் கேஸி என்ற ஊர்ப்பக்கம் வளர்ந்ததால் கேஸி ஜோன்ஸ் ஆனார். நேரத்தைக் காப்பாற்றுவதில் பெயர் வாங்கியவர். அவருடைய எஞ்சின் ஊதலைக் கேட்டே யார் வருகிறார் என்று ஊரார் சொல்வார்களாம். 1900 ஏப்ரல் 30 அதிகாலையில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் 382ஆம் எண் எஞ்சினில் பாசஞ்சர் வண்டியை மெம்ஃபிஸிலிருந்து எடுத்தார். இரவு 12.50க்குப் புறப்படும்போதே 95 நிமிடம் லேட். கேன்டன் வரை 188 மைல். வழியெல்லாம் விரட்டி, லேட்டை அநேகமாக முழுவதும் சரிக்கட்டிவிட்டார். கேன்டனுக்குச் சற்று முன்னால் வான் என்ற சிறிய ஸ்டேஷன். அங்கே இரண்டு கூட்ஸ் வண்டிகள் லூப் லைனில் ஒதுங்கியிருந்தன. இரண்டும் சேர்ந்து லூப்பைவிட நீளம். ஒரு வண்டியின் பிரேக் காற்றுக்குழாய் வெடித்துவிட, கடைசியில் நாலு பெட்டி மெயின் லைனிலேயே நின்றுவிட்டது. 3.52க்கு மோதல்.

ஃபயர்மேன் சிம் வெப் குதித்துப் பிழைத்தார். குதி என்று கத்தியவர் கேஸி. அவர் குதிக்கவில்லை. பிரேக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அந்த விபத்தில் இறந்தது அவர் ஒருவர்தான். பயணிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி கேன்டன் ஷெட்டில் எஞ்சின் துடைப்பவர். கேஸியைத் தெரிந்தவர். அவர்தான் முதலில் பாட்டுக் கட்டினார். அது வாய்வழியே பரவி, 1909-ல் வேறு இருவர் பெயரில் அச்சாயிற்று. நாடக மேடைகளில் வளர வளர, கேஸியின் மனைவியைப் பற்றி அவதூறாக ஓரிரண்டு அடிகள் எப்படியோ அதில் நுழைந்துவிட்டன. அது பொய் என்று அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். பாட்டு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இப்போது ரிகார்டு. அதே ஆண்டு ரயில்வே நடத்திய விசாரணையின் முடிவு: கொடிகாட்டி நியூபெரி காட்டிய சிக்னலை மதிக்காததால் விபத்துக்கு முழுப் பொறுப்பும் டிரைவர் ஜோன்ஸ். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் பின்னால் நடந்துபோய், தண்டவாளத்தில் வெடி வைத்து, விளக்கோடு நின்றவர் நியூபெரி. அந்த வெடியின் மேல் சக்கரம் ஏறினால் பெரிய சத்தம் கேட்கும். நம் வடநாட்டு ரயில்வேக்காரர்கள் 'பட்டாக்கா' என்பது இதைத்தான். அந்தச் சத்தத்தைச் சிம் வெப்பே கேட்டதாக ரிப்போர்ட் சொல்கிறது. பிற்காலத்தில் சிம் வெப், கொடிகாட்டியையும் பார்க்கவில்லை, வெடிச்சத்தமும் கேட்கவில்லை என்று மாற்றிச் சொல்லி, 1957-ல் இறக்கும்வரை அதிலேயே நின்றார்.

எது சரி? ரிப்போர்ட் கேட்கும் கேள்வி, தவறு யாருடையது என்பது. பாட்டு கேட்கும் கேள்வி, ஆள் எப்படிப்பட்டவர் என்பது. வேகமாக வந்ததும் அவர்தான், குதிக்காமல் நின்றதும் அவர்தான். ஃபேயத்தனின் கல்லறை எழுத்தும் கேஸியின் பாட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இதுவரை எனக்கு இரண்டு பக்கமும் சம்மதம். என்னை உறுத்துவது நியூபெரி. இருட்டில் விளக்கோடு நின்றவருக்குப் பாட்டு இல்லை. கேஸி குற்றமற்றவர் என்று கதை சொல்ல வேண்டுமானால், நியூபெரி தன் வேலையைச் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லாமலே ஆகிவிடுகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். 1980களின் கடைசியில் ஒரு ஜனவரி. எந்தப் பகுதி என்பது வேண்டாம். கடும் பனிமூட்டத்தில் ஒரு கூட்ஸ் வண்டி, ஸ்டேஷனில் நின்றிருந்த இன்னொரு கூட்ஸின் பின்னால் மோதியது. அசிஸ்டென்ட் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார். டிரைவர் சீட்டிலேயே இறந்துபோனார். எங்கள் ஷெட்டு மனிதர், எல்லோருக்கும் வேண்டியவர். மறுநாள் காலை நான்கு இலாகா சூப்பர்வைசர்களும் சேர்ந்து ஜாயின்ட் நோட் எழுதினோம். லோகோ தரப்பில் நான். பிரேக் பிடி எமர்ஜென்சியில் இருந்தது, எழுதினேன். வேகப் பதிவுத் தாளில் வேகம் கடைசி நேரத்தில்தான் இறங்கியது, எழுதினேன். சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் வெடித்த பட்டாக்காவின் தகரத் துண்டுகள் கிடந்தன, அதையும் எழுதினோம். இரண்டு பட்டாக்காவின் துண்டுகளும். அவற்றைக் கட்டியவர் ஒரு கேங்மேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, "ரெண்டும் வைத்தேன் சாப், ரெண்டும் வெடித்தது சாப்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து, பன்னிரண்டு வருடம் கழித்து, புதிதாக வந்த அப்ரென்டிஸ் பையன் ஒருவன் டீ நேரத்தில் அந்த டிரைவரின் கதையை எனக்கே சொன்னான். டிரைவர் கடைசிவரை பிரேக்கை விடவில்லை என்றான். சரிதான். ஊதலை அடித்துக்கொண்டே போனார், அடுத்த கிராமம் வரை கேட்டது என்றான். இருக்கட்டும். பட்டாக்கா வைக்க வேண்டிய கேங்மேன் நெருப்புமூட்டிக் குளிர்காய்ந்து தூங்கிவிட்டான், அதனால்தான் என்றான்.

ஜாயின்ட் நோட்டில் என் கையெழுத்து இருப்பதை அவனிடம் சொல்லவில்லை. நல்ல மனிதரைப் பற்றிய கதை, அதை ஏன் கெடுப்பானேன் என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கேங்மேன் அதற்குள் ரிடையராகி ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அவருடைய மகன் எங்கள் ஷெட்டிலேயே கலாசி. டீ கொண்டுவந்து வைத்தவன் அவன்தான்.

பிள்ளைகளே, அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு கதை எழுதி வாருங்கள். வீட்டிலோ, தெருவிலோ, ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியிடமோ கேட்டதாக இருக்கட்டும். உண்மையில் நடந்த ஒன்றின்மேல் வளர்ந்த கதையாக இருக்க வேண்டும். ஒரே கதையைக் குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். கதையில் வேலை செய்துவிட்டுப் பெயரில்லாமல் போகிறவர் யாராவது இருந்தால், அவர் பெயரை விசாரித்துக் கீழே எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்து தடுமாறினால் பரவாயில்லை, ஹிந்தியில் மட்டும் எழுதி வராதீர்கள்.